பைலாவாகிப் போன என் சோகப் பாட்டுகள்

நேற்றுக் குசினியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தேன். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். எனக்கோ அந்த மணத்துக்கு இன்றைக்கும் காதல் ஞாபகம்தான் வருகிறது. சிரிக்காதீர்கள். எங்கள் இசைக்குழு ஒத்திகை பார்த்த அறை, உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு கருவாட்டுக் கடையின் மேல்மாடியில் இருந்தது. கலியாண வீட்டு மேடைக்கு நான் பட்டுச் சேலையில் போனாலும், கீபோர்ட் உறையைத் திறந்ததும் கருவாட்டு வாசம் முன்வரிசைவரை போகும்.

அப்போது கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் லிகிதர் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பின்னேரங்களில் குழுவுக்குக் கீபோர்ட் வாசிப்பேன், பாட்டும் எழுதுவேன். பாடுவது, கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் நசீர் நானா. ட்ரம்ஸ் ரமணன். இந்த ரமணன்தான் ஆறு மாதம் என்னோடு டச்பே கடற்கரையில் இறால் வடை சாப்பிட்டுவிட்டு, ஒருநாள் "சரிவராது" என்று ஒரே சொல்லில் முடித்தவர். காரணம் சொல்லவில்லை. அடுத்த நாளே ஒத்திகைக்கு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி ட்ரம்ஸ் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் குழுவை விட்டுப் போயிருக்கலாம். ரோசம் விடவில்லை. அந்தாளுக்கும் கொஞ்சமாவது நோகவேண்டும் என்பதே அப்போது என் வாழ்க்கை இலட்சியம். அந்த வாரமே ஒரு பாட்டு எழுதினேன். "கட்டிவைக்க ஆளில்லாத தோணி நீ, காத்தடிச்ச பக்கம் போற ஆளு நீ." கேட்டவர் அழவேண்டும் என்றே மெதுவான மெட்டுப் போட்டேன். நசீர் நானா கண்ணை மூடிக்கொண்டு உருகினார். இரண்டாவது வரியில் ரமணன், காலைச் சும்மா இருக்க விடாத பைலாத் தாளத்தை அடிக்கத் தொடங்கினார்.

"என்ன இது? இது சோகப் பாட்டு," என்றேன்.

"கலியாண வீட்டில சோகத்தை ஆர் கேக்கிறது? சனம் எழும்பி ஆடவேணும்," என்றார், என்னைப் பார்க்காமலே.

"ஓம் தங்கச்சி, இதுதான் நல்லாயிரிக்கி," என்று நசீர் நானாவும் கட்சி மாறிவிட்டார்.

விடாமல் ஐந்து பாட்டு எழுதினேன். பாட்டுக்குப் பாட்டு திட்டு கூடியது. ஐந்தையும் அவர் பைலா ஆக்கினார். மூதூரில் ஒரு கலியாண வரவேற்பில் பெண்ணின் தகப்பன், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு "வாக்கு மாறிப் போனவனே"க்கு ஆடினார். ஆடி முடித்து, இன்னொருக்கால் பாடச் சொல்லியும் கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, ஒரு முழுச் சரணத்தைப் பிழையாக வாசித்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

பிறகு ரமணனுக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. அவருடைய கடைசி ஒத்திகையன்று நசீர் நானா தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்த நேரம், பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

"அந்தப் பாட்டெல்லாம் ஆரைப் பற்றி எண்டு உமக்கு ஒருநாளும் விளங்கேல்லையா?"

"முதல் நாளே விளங்கினது. நீர் எழுதின மாதிரி மெதுவா வாசிச்சா எனக்கு அழுகை வந்திடும். வேகமா அடிச்சாத்தான் தாங்க ஏலும்."

"அப்ப ஏன் சரிவராது எண்டனீர்?"

"வீட்டில ரெண்டு அக்காமார் இருக்கினம். அவையின்ர கலியாணம் முடியுமட்டும் உம்மை எத்தனை வருசம் காக்க வைக்கிறது?"

அவருக்கு நோகவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அவ்வளவு நாளும் என் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. என் கோபம் போன இடம் தெரியவில்லை. நசீர் நானா தேத்தண்ணியோடு ஏறி வந்தபோது நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது கலியாண மண்டபங்களில் டீஜேதான். நசீர் நானா பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் பாடுகிறார். ரமணன் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவார். என் கணவரே பதில் போடுவார். போன மாதம் பாட்டொன்று எழுதலாமென்று கொப்பியோடு உட்கார்ந்தேன். ஒரு மணித்தியாலமாக ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த கணவர், "என்னைத் திட்டி எழுதுமன்," என்றார். முயன்று பார்த்தேன். அந்த நல்ல மனுசரைத் திட்ட ஒரு வரிகூட வரவில்லை. கோபம் போனதோடு பாட்டும் போய்விட்டது.