பூதத்துக்கும் ஒரு பங்கு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எல்லாம் என் கையால் வந்தது. கிணறு இறைத்துச் சேறு அள்ளினேன். கல்லுக்கு வெடி வைத்தேன். தண்ணீர் இறைக்கும் மெசின்களைத் திருத்தினேன். கடைசியில் சாவகச்சேரிச் சந்தைக்குக் கிட்ட, மேல்மாடியோடு சொந்தக் குழாய்க் கடை கட்டினேன். என் கடைக் குழாய் இறங்காத கிணறு தென்மராட்சிப் பகுதியில் குறைவு. இல்லையென்று சொல்கிறவர்கள் கடைக்கு வந்து என்னோடு கதைக்கலாம். அப்படிப்பட்ட நான் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அதே மேல்மாடியில் பிளாஸ்ரிக் கதிரையில் குந்தியிருந்து, இல்லாத ஒரு மலையில் இல்லாத ஒரு குள்ளனாகக் கோடரியும் கையுமாகத் திரிகிறேன் என்றால், அது என் பேத்தியால் வந்த வேலை.

மகளின் மகள். கம்பஸில் கணக்குப் படிக்கிறாள். இந்த விளையாட்டை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தாள். காய் நகர்த்தி வெல்கிற விளையாட்டு அல்ல. அவள் மேசையின் தலைமாட்டில் இருந்து ஓர் உலகத்தைச் சொல்வாள். மலை, கோட்டை, மந்திரவாதி, பூதம் எல்லாம் அதில் வரும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்த உலகத்துக்குள் போய், இப்போது என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா என்று பார்க்க இருபது முகமுள்ள தாயக்கட்டை ஒன்றை உருட்ட வேண்டும். யாரும் வெல்வதில்லை, யாரும் தோற்பதுமில்லை. கிழமைக்குக் கிழமை கதை ஓடும். ஆனால் உங்கள் ஆள் செத்தால் செத்ததுதான்.

முதலில் நான் இடம் மட்டும்தான் கொடுத்தேன். ஒருநாள் மேலே பெரிய சத்தம். அடிபடுகிறார்கள் என்று நினைத்து ஏறிப் போனேன். அடிபடவில்லை. ஒளித்து நிற்கிறவன் தும்மிவிட்டால் அவன் இன்னும் ஒளித்து நிற்கிறவன்தானா என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள். தேத்தண்ணீர் ஆறிப் பாலாடை கட்டிக் கிடந்தது.

“தும்மினவனை ஆராவது கண்ணாலை கண்டவையோ?” என்று கேட்டேன்.

“இல்லை.”

“அப்ப பேந்தென்ன கதை?”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது அவர்களுக்கு ஓர் ஆள் குறைவு. “அம்மப்பா, நீங்களும் இருங்கோ” என்றாள் பேத்தி. அன்று இருந்தவன்தான்.

எனக்கு ஓர் அரசகுமாரன் வேடம் தர வந்தார்கள். வேண்டாம் என்றேன். அரசன் பெற்ற பிள்ளை என்ன உழைத்திருக்கப் போகிறான்? மூட்டை தூக்குகிற குள்ளன் ஒருவனைக் கேட்டு வாங்கினேன். வெறுங்கையோடு தொடங்கிய அவன், ஒரு வருடத்துக்குள் சொந்த மாட்டு வண்டில், இரும்புக் கோடரி, கோட்டைச் சந்தையில் ஒரு கடை என்று எழும்பிவிட்டான். மற்றவர்களின் ஆட்கள் பூதம் துரத்திக்கொண்டு திரிய, என் ஆள்தான் அவர்களுக்குச் சாப்பாடு போட்டான். விளையாட்டிலும் எனக்கு அப்படித்தான் வரும்.

என்னைப் பிடித்த சனி அந்த விதிப் புத்தகம். யாழ்ப்பாணம் டவுனில் அச்சடித்துச் சுருள் கம்பி போட்ட தடித்த புத்தகம். எல்லாம் ஆங்கிலம். பேத்தி வாசித்துத் தமிழில் சொல்வாள். அதை எழுதிய மனிசன் ஒரு விசயத்தையும் ஓரிடத்தில் முடித்துச் சொல்ல மாட்டான். முன்னுக்கு ஒன்று சொல்வான், பின்னுக்குப் போனால் அதையே வேறு மாதிரிச் சொல்வான். நான் ஒரு குழாய்க்கு விலை சொன்னால் அது விலை. காலையில் ஒன்றும் மத்தியானம் ஒன்றும் சொன்னால் ஆர் என் கடைப் படி மிதிப்பார்கள்?

இதற்குள் சட்டம் படிக்கிற தம்பி ஒருவன் வேறு. மந்திரவாதி வேடம் அவனுடையது. புத்தகத்தில் ஓட்டை தெரிந்தால் அவனுக்குத் தேத்தண்ணீரும் வேண்டாம், றோல்ஸும் வேண்டாம். நாலாவது ஆள் தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் வேலை செய்கிற நேர்ஸ் பிள்ளை. லீவு கிடைக்கிற ஞாயிறுகளில் இரண்டு பஸ் மாறி வருவா. அவவின் ஆள் வாள் வீசுகிற மலைநாட்டு வீராங்கனை. காயம் ஆற்றுகிற வைத்தியச்சி வேடம் ஒன்று சும்மா கிடந்தது, அதை எடுக்கச் சொல்லிப் பேத்தி கெஞ்சிப் பார்த்தாள்.

“வாட்டிலை காயம் கட்டுறது காணாதெண்டு இஞ்சையும் வந்து கட்டவோ? நான் வெட்டத்தான் வந்தனான்” என்றா.

வெட்டினா. நல்லாகவே வெட்டினா. அப்படி வெட்டப் போய்த்தான் நான் சொல்ல வந்த சங்கதி நடந்தது.

மலைக்குள் ஒரு குகை. குகைக்குள் ஓர் ஊற்று. அதன் தண்ணீரைக் குடித்தால் எந்தக் காயமும் ஆறும். கதையில் அன்று காலை வீராங்கனை கையில் ஏதோ சிராய்ப்பு என்று அதில் ஒரு கை அள்ளிக் குடித்தாள். மத்தியானம் குகைவாசலில் ஓநாய்க் கூட்டம் வந்தது. மந்திரவாதித் தம்பி மந்திரம் மறந்து நிற்க, என் குள்ளன் வண்டிலைக் காக்க ஓட, அவள் தனியே நின்று வெட்டினாள். ஓநாய்களும் செத்தன. அவளும் வயிறு கிழிந்து ஊற்றடியில் விழுந்தாள்.

“இண்டைக்குச் சூரியன் விழமுதல் காயம் ஆறாட்டில் ஆள் முடிஞ்சுது” என்றாள் பேத்தி.

நேர்ஸ் பிள்ளை தாயக்கட்டையைக் கையிலிருந்து மேசையில் வைத்தா. “இவள் போனால் நான் இனி வரேல்லை. கோவத்திலை சொல்லேல்லை. இன்னொரு ஆளைத் துவக்கத்திலை இருந்து வளர்க்க எனக்குத் தெம்பில்லை.”

பேத்தியின் முகம் விழுந்துபோனது. மூன்று பேரை வைத்துக்கொண்டு இந்த விளையாட்டு ஓடாது என்று அவள் முன்பே எனக்குச் சொல்லியிருந்தாள். வேறு ஆள் தேடிக் களைத்துத்தான் என்னையே பிடித்தவள்.

“என்ன பிள்ளை யோசினை? பக்கத்திலைதானே ஊத்து. அள்ளிக் குடுங்கோ” என்றேன்.

“குடுக்கேலாது அம்மப்பா. ஒராளுக்கு ஒரு நாளைக்கு ஒருக்காத்தான். அக்கா காலமையே குடிச்சிட்டா.”

“நான் குடிக்கேல்லைத்தானே. என்ரை முறை சும்மா கிடக்கு. அதை அவவுக்குக் குடுக்கிறன்.”

இதில் என்ன பிழை? எங்கள் பக்கத்தில் ஒரு கிணற்றில் பல குடும்பத்துக்குப் பங்கு இருக்கும். இன்று இன்னார் இறைக்கிற முறை, நாளை இன்னார் முறை. பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய் வாடினால் என் முறையை அவனுக்கு விடுவேன், பிறகு அவன் முறையை நான் எடுப்பேன். அப்படிப்பட்ட கிணறுகளில் சொந்த உழைப்பில் பங்கு வாங்கியவன் நான். ஒருவன் முறையை இன்னொருவன் எடுக்கலாமா என்று நான் புத்தகம் பார்த்தா அறியவேண்டும்?

சட்டத் தம்பி புத்தகத்தை இழுத்துப் பிரித்தான். ஊற்றைப் பற்றி எழுதிய பக்கத்தில் ‘ஒவ்வொருவரும் ஒரு நாளில் ஒரு தடவை அள்ளலாம்’ என்று கிடந்தது. அள்ளியதை யார் குடிப்பது என்று ஒரு சொல் இல்லை.

“பாத்தியளே. அள்ளுறது நான், குடிக்கிறது அவ. முடிஞ்சுது” என்றேன்.

“பொறுங்கோ ஐயா” என்று அவன் கடைசிப் பக்கங்களுக்குப் போனான். அங்கே மந்திரத் தண்ணீர்களுக்கெல்லாம் பொதுவாக, ‘ஒரே தண்ணீர் ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு தடவையே பலிக்கும்’ என்று கிடந்தது. “இதின்படி பாத்தால் ஆர் அள்ளினாலும் அக்காவுக்கு இண்டைக்குப் பலிக்காது.”

“ரெண்டிலை எது சரி?”

“ரெண்டும் சரி.”

“ரெண்டும் சரியெண்டால் அவ செத்தவவோ சீவிச்சவவோ?”

“அதைத்தான் ஐயா தீர்மானிக்கோணும்.”

எனக்குத் தலை விறைத்தது. எழுதினவனையே கேட்டால் என்ன என்றேன். வெளிநாடுகளில் இதே வரியை வைத்து ஆட்கள் இணையத்தில் எப்போதிருந்தோ சண்டை பிடிக்கிறார்களாம், எழுதினவர் வந்து ஒரு விளக்கம் கொடுத்தாராம், இப்போது அந்த விளக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று சண்டை பிடிக்கிறார்களாம். பேத்தி இதைச் சிரிக்காமல் சொன்னாள். படித்தவர்கள் வேலைவெட்டி இல்லாமல் எப்படிச் சீவிக்கிறார்கள் என்று நான் நெடுக யோசிப்பதுண்டு.

“நீதானே நடத்துறாய் பிள்ளை. நீ சொல்லு, முடியட்டும்.”

“எனக்கு அக்கா இருக்கோணும் எண்டு விருப்பம். அதாலைதான் சொல்லப் பயமாக் கிடக்கு. பேந்து ஒருதரும் என்ரை தீர்ப்பை மதிக்கமாட்டினம்.”

நேர்ஸ் பிள்ளை கதிரையை முன்னுக்கு இழுத்தா. “வாட்டிலை நாங்கள் டியூட்டி மாத்திறதில்லையோ? என்ரை முறையை அவ பாப்பா, அவவின்ரை முறையை நான் பாப்பன். ஐயா சொல்லுறதிலை என்ன பிழை?”

“வாட்டுப் பொறுப்பு மேற்றனுக்குச் சொல்லாமல் மாத்துவியளோ அக்கா?” என்றான் தம்பி.

“அது சொல்லத்தான் வேணும்.”

அவன் என் பக்கம் திரும்பினான். “கிணத்திலை முறை மாத்திறதெண்டால் மற்றப் பங்குக்காரருக்கும் சொல்லோணும் எல்லே ஐயா?”

“சொல்லாமல்? சொல்லாமல் இறைச்சால் அண்டைக்கே வாளி பறக்கும்.”

“அப்ப எல்லாப் பங்குக்காரரும் சம்மதிச்சால் முறை மாத்தலாம் எண்டு வைப்பம். அது எனக்குச் சரி.” அவன் முன்பு பார்த்த ஊற்றுப் பக்கத்துக்கே திருப்பி விரலை வைத்தான். “இந்த ஊத்திலை இன்னொரு ஆளும் நாளுக்கு ஒருக்கா குடிக்குதெண்டு கிடக்கு. ஊத்துக்கடியிலை இருக்கிற பூதம்.”

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். என் வாயாலேயே என்னைக் கட்டிப்போட்டு விட்டான். நாளைக்குக் கோட்டில் வழக்குப் பேச இவனுக்கு எதிராக நிற்கப் போகிறவனை நினைத்து அப்போதே இரக்கப்பட்டேன்.

“பூதத்தட்டைப் போய்ச் சம்மதம் கேக்கிறதோ?”

“பங்குக்காரர் தானே” என்றாள் பேத்தி. அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தீர்ப்பு அவள் தலையிலிருந்து இறங்கிப் பூதத்தின் தலையில் போய்விட்டது. பூதமாகக் கதைக்கிறவளும் அவள்தான். பேத்திதானே, பூதமானாலும் விட்டுத் தருவாள் என்று நினைத்துத்தான் என் குள்ளனை ஊற்றடிக்கு அனுப்பினேன்.

தொண்டையைத் தாழ்த்தி அவள் கேட்டாள். “உன்ரை முறையை அவளுக்கு விட நான் ஓமெண்டு சொன்னால் எனக்கு என்ன தருவாய்?”

“மாட்டு வண்டில் தாறன்.”

“குகைக்குள்ளை வண்டில் விட்டு எங்கை போறது?”

“கோடரி?”

“எனக்கு நகம் கிடக்கு.”

“உனக்கு என்னதான் வேணும்?”

“உன்ரை வழி.”

எங்கள் ஊரில் கிணற்றுப் பங்கைக் காணி உறுதிப் பத்திரத்தில் எழுதினால், வழி வாய்க்கால் உரித்தையும் சேர்த்து எழுதுவார்கள். போக வழியில்லாத கிணற்றை வைத்து நக்கவா? சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து இதை ஆயிரம் முறை நான் சொல்லக் கேட்டு வளர்ந்தவள். அதை எடுத்து எனக்கே நீட்டினாள்.

“வந்த வழியாலை இனி நீ வெளியாலை போகேலாது. இஞ்சையே இருந்து என்னோடை தண்ணிக்குக் காவல் காக்கோணும். அவள் எழும்பிப் போவாள்.”

“வருசத்திலை ஒருக்காவாவது விடு.”

“இல்லை.”

“தேருக்கு?”

“இந்த மலையிலை தேர் இல்லை.”

நேர்ஸ் பிள்ளை குறுக்கே வந்தா. “ஐயா, விடுங்கோ. ஒரு விளையாட்டுக்கு. உங்கடை ஆளை நீங்கள் எவ்வளவு பாடுபட்டு வளத்தனியள்.”

பாடுபட்டேன்தான். ஓரடி வழிக்காகப் பக்கத்துக் காணிக்காரனைச் சாவகச்சேரிக் கோட்டுக்கு இழுத்து வென்றவன் நான். ஒருவனுக்கும் வழி எழுதிக் கொடுத்தது என் சரித்திரத்தில் இல்லை. ஆனால் இந்தப் பிள்ளை மேசையை விட்டு எழும்பினால், பேத்தி இந்தக் கதிரைகளை அடுக்கி மூலையில் வைப்பாள். பிறகு அவள் பேராதனைக்கோ வெளிநாட்டுக்கோ மேற்படிப்புக்குப் போகும்வரை எனக்கும் அவளுக்கும் இருக்கிற கதை, சாப்பிட்டியோ, ஓம், அவ்வளவுதான். வண்டிலைக் காக்க ஓடினதும் என் குள்ளன்தான். அதை ஒருவரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

“ஓம். எழுது” என்றேன்.

குள்ளன் இரண்டு கையாலும் அள்ளி அவள் வாயில் விட்டான். சட்டத் தம்பி கடைசிப் பக்கத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், புத்தகத்தை மூடினான். வீராங்கனை எழும்பி வாளைத் துடைத்தாள். சூரியன் விழமுதல் அவர்கள் மலையிறங்கினார்கள். என் ஆள் குகைக்குள்.

“பாவம் ஐயா உங்கடை ஆள்” என்றா நேர்ஸ் பிள்ளை.

“என்ன பாவம்? தண்ணிக் கஷ்டம் இல்லாத இடம்.”

அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான தலையிடி. இந்த வயதில் புது ஆளாகத் திரும்ப அடியிலிருந்து தொடங்க வேண்டும். தடியும் பழைய சாக்கும் கொடுத்தார்கள். மலையடியில் மற்றவர்களைச் சந்திக்கிறேன். “உந்தக் குகைப் பக்கம் போகாதேங்கோ, பூதம் கிடக்கு” என்றேன்.

“அது உங்களுக்குத் தெரியும் ஐயா. உங்கடை புது ஆளுக்குத் தெரியாது” என்றான் தம்பி.

“நான்தானே அவன்.”

“நீங்கள்தான். ஆனால் தெரியாது.”

எனக்குத் தெரிந்ததை எனக்குத் தெரியாது என்று நடக்கச் சொல்கிறார்கள். இது என்ன நியாயம்? அதை இன்னும் வழக்காடிக்கொண்டுதான் இருக்கிறேன். போன ஞாயிறு இதற்குள் என் புது ஆளை எலி ஒன்று கடித்துவிட்டது. பேர் சொல்லவே வெட்கம், எலி. மயங்கி விழுந்தவனை வீராங்கனை தோளில் தூக்கிக்கொண்டு மரப்பாலத்தால் ஆற்றைக் கடக்கப் பார்த்தாள். தூக்கப்படுகிறவன் ஆளா சுமையா என்று வழக்குத் தொடங்கியது. சுமையென்றால் பாலம் தாங்காதாம். ஆளென்றால் அவனுக்கும் தனியாகத் தாயக்கட்டை உருட்ட வேண்டுமாம்.

முன்பெல்லாம் வழக்கு வந்தால் நேர்ஸ் பிள்ளை கைபேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பா. இந்தமுறை அவதான் புத்தகத்தைப் பிடித்து இழுத்தா. “வாட்டிலை ஸ்ரெச்சரிலை கொண்டுபோற ஆள் ஆள்தான். உந்தப் புத்தகத்துக்கு என்ன தெரியும்?” என்று தம்பியோடு நேருக்கு நேர் நின்றா. பேத்தி இருவருக்கும் நடுவே கையைப் பிசைந்துகொண்டு இருந்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது, ஒருவரும் எழும்புகிற நோக்கம் இல்லை.

“ஆளோ சுமையோ, கெதியாச் சொல்லித் துலையுங்கோ. நான் கடை பூட்டோணும்” என்றேன்.

“நீங்கள் மயங்கிக் கிடக்கிறியள் அம்மப்பா. கதைக்கேலாது” என்றாள் பேத்தி.