அக்காவின் வயிற்றுவலி

அக்கா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. திருநின்றவூரில் எங்கள் சபையில் இன்றைக்கும் அவள் பேச்சு வந்தால், "பாவம், அந்த வயித்தோட எவ்ளோ கஷ்டப்பட்டா" என்கிறார்கள். உண்மையில் அக்காவுக்கு வயிற்றில் ஒரு கோளாறும் கிடையாது. பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பழைய சோறு சாப்பிடுகிறவள். ஆனால் ஆறு வருடம் சபையே அவள் வயிற்றுக்காக ஜெபித்தது. அந்தத் திருப்பணியைத் தொடங்கி வைத்தவன் நான்.

ஜெபம் வேண்டும் என்றால் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் அதை மைக்கில் வாசிப்பார். அக்காவுக்குக் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கி, அவை சொன்னபடி மூன்று நாள் சாப்பிடாமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்த பிறகு, அம்மா என்னிடம் சீட்டை நீட்டினாள். "எழுதுடா. ஆனா அத எழுதாத" என்றாள். மனநோய் என்று மைக்கில் வாசித்தால் எனக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்பது அவள் கவலை. பழியை அம்மா தலையில் கட்ட மாட்டேன், எனக்கும் அதே கவலைதான். 'அக்காவின் தீராத வயிற்றுவலிக்காக' என்று அழகான கையெழுத்தில் எழுதிப் போட்டேன்.

சபையின் அன்பைச் சாதாரணமாக எடை போடக்கூடாது. அடுத்த வாரமே மணத்தக்காளிக் கீரை வந்தது. பிறகு மோர், ஊறவைத்த வெந்தயம், யாரோ கேரளாவிலிருந்து வரவழைத்த லேகியம். "இன்னாம்மா, வயிறு இப்போ எப்டி கீது?" என்று பின்தெரு ஆன்ட்டி கேட்பார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பரவால்ல ஆன்ட்டி, காலையில மட்டும் கொஞ்சம் எரியுது" என்பாள். பொய் சொல்வதில் எங்கள் வீட்டிலேயே அவள்தான் தெளிவாக இருந்தாள். மாதம் ஒருமுறை மின்சார ரயிலேறி மனநல டாக்டரைப் பார்க்கப் போவதும் ஊருக்கு 'வயிற்று டாக்டர்'தான். பஸ்ஸில் கீழ்ப்பாக்கம் என்று எழுதியிருந்தால்கூட அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஆறாவது வருடம் ஒரு புது மாத்திரை ஒத்துக்கொண்டது. குரல்கள் குறைந்தன, பசி கூடியது. அந்த மாத்திரையின் குணமே அதுதான். அக்கா நன்றாகப் பூசினாற்போல ஆனாள். சபைக்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்? கர்த்தர் வயிற்றைச் சுகமாக்கிவிட்டார் என்று பாஸ்டர் அறிவித்து, சாட்சி சொல்ல அவளை முன்னால் கூப்பிட்டார். என் நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா மைக்கைப் பிடித்தபடி பேசாமல் நின்றாள். உதடு மட்டும் அசைந்தது. காதில் கேட்கிற எவருக்கோ பதில் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சபை அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டு "ஸ்தோத்திரம்" என்றது. போச்சு, என் கல்யாணம் இத்தோடு சரி என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"ஆறு வருஷமா நிம்மதியா ஒரு வாய் சாப்ட்டதில்ல" என்று ஆரம்பித்தாள். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போனது, ஒன்று விடாமல் சொன்னாள். "என் தம்பி ஒரு வாரம்கூட விடாம எனக்காக சீட்டு எழுதினான்" என்றாள், இரண்டாம் வரிசையைப் பார்த்து. என் வருங்கால மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது, "நல்லா சொன்னனாடா?" என்று கேட்டாள்.

"பிரமாதம்க்கா." அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது.

பிறகு வெளியே பார்த்தபடி கேட்டாள்.

"இனிமே என் பேர வாசிக்க மாட்டாங்க, இல்ல?"

"சுகமாயிடுச்சுன்னு சொல்லிட்டாங்களேக்கா."

"வயித்துக்குப் பண்ற ஜெபத்துல கொஞ்சமாவது தலைக்குப் போய்ச் சேரும்னு நெனச்சிகினு இருந்தேன்டா" என்றாள்.