படத்தில் விழாத எலும்பு

என் மூத்த மகள் பிறந்தபோது அவளுடைய இடது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல எடை, நல்ல குரல். மருத்துவச்சி இடுப்புக்குக் கீழே துணியைச் சுற்றித்தான் என்னிடம் கொடுத்தாள். பால் குடிக்கும்போது துணி விலகியது. அப்போதுதான் பார்த்தேன்.

தப்பு என்மேல்தான் என்று நினைத்துக்கொண்டேன். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கடலைக்காடு. ஏழாம் மாதத்தில் ஆள் போதாமல் நானும் நாலு நாள் குத்தவைத்து உட்கார்ந்து கடலைக்காய் ஆய்ந்திருந்தேன். அதில்தான் வயிறு மடங்கிக் குழந்தையின் கால் கோணிவிட்டது என்று எனக்குள் முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். பதினாறாம் நாள் வந்து, “சேலத்துல ஒரு டாக்டரம்மா இருக்கறாங்களாம். நாளைக்குப் போலாம்” என்றார்.

“இன்னும் முப்பது நாளே ஆகலீங்களே?”

“அதுவரைக்கும் காலு காத்திருக்குமா? கெளம்பு புள்ள.”

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரி எரித்த வாயுவில் ஓடியது. மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். என்னை மட்டும் டிரைவர், “கைப்புள்ளக்காரி உக்காருங்க” என்று இறங்கவிடவில்லை.

டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். தெற்கத்திப் பேச்சு. காலை எக்ஸ்ரே எடுத்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கணுக்காலுக்கு மேலே இரண்டு எலும்புகள் வெள்ளையாக இருந்தன. பாதத்தில் இரண்டு மூன்று வெள்ளைப் பொட்டுகள், விரல் பக்கம் சில மெல்லிய கோடுகள். நடுவில் வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பைக் காட்டிக் கேட்டேன்.

“ஏனுங்க, எம்புள்ளைக்கு எலும்பே இல்லீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். “இருக்கும்மா. உன் காது மடலைத் தொட்டுப் பாரு. அது மாதிரி குருத்தா இருக்கு. குருத்து படத்துல விழாது. வயித்துக்குள்ள கை, கால், விரல் எல்லாம் மொதல்ல குருத்தாத்தான் உருவாகும். அப்புறம் அதுக்குள்ள ரத்தக்குழாய் நுழையும், சுண்ணாம்புச் சத்து சேரும். குருத்து கரையக் கரைய அந்த இடத்துல எலும்பு வரும். நீளமான எலும்பு நடுவுல தொடங்கி ரெண்டு முனைக்கும் பரவும். பாதத்துல இருக்கிற சின்ன எலும்புங்க மட்டும் ரொம்ப மெதுவு. பொறந்த பெறகும் பலதும் குருத்தாவே கிடக்கும்.”

நான் காதைத் தொட்டேன். பக்கத்தில் பார்த்தால் என் வீட்டுக்காரரும் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“அது நமக்கு நல்லதுதான்” என்றார் டாக்டரம்மா. “இப்பவே கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பினா, திரும்பின வாக்குலயே எலும்பாகும்.”

அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன். “ஏழாம் மாசம் கடலக்காட்டுல குத்தவெச்சு வேலை செஞ்சேனுங்க. அதனாலதானுங்களா?”

“பாதத்தோட உருவம் ரெண்டாம் மாசமே குருத்துல வந்தாச்சு. ஏன் இப்படித் திரும்புதுன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. ஆனா கடலைக்காட்டு மேல பழி போடாதே.”

இரண்டாம் மாதத்தில் கரு தங்கியதே எனக்கு உறுதியாகத் தெரியாது, நாள் தள்ளியிருந்தது, அவ்வளவுதான். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், “இத்தன நாளா இதையா மனசுல வெச்சிருந்த?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

வாரத்துக்கு ஒருமுறை மாவுக்கட்டு. பழைய கட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிப்பார்கள். டாக்டரம்மா விரலால் மெல்லத் திருப்பிப் பிடிப்பார், மறுபடி கட்டுவார்கள். குழந்தை வீரிட்டு அழும், பால் கொடுத்ததும் தூங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் பாதம் கொஞ்சம் நேராகியிருக்கும். நாலு பேர் பார்க்கக் குழந்தையைத் தூக்காத மனுஷர், பஸ்ஸிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் அவரேதான் தூக்கி வந்தார். திரும்பும்போது எனக்கு மாம்பழம் வாங்கித் தருவார். அந்தப் பயணங்களை நான் ஆசையோடு எதிர்பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

மூன்று மாதத்தில் கட்டு எடுத்தார்கள். அதன்பின் பால் கொடுக்கும்போதெல்லாம் டாக்டரம்மா சொல்லித் தந்தபடி பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். அடுத்த எக்ஸ்ரேயில் பழைய பொட்டுகள் பெருத்திருந்தன. பக்கத்தில் புதிதாக ஒன்று வந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்தாம் மாதம் வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டு நாலு எட்டு வைத்தாள். விழுந்து, எழுந்து, மறுபடி துரத்தினாள். இடது கெண்டைக்கால் மட்டும் சற்று மெலிவு. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. சேலை கட்டும் வயது வரை அவளுக்கே அது தெரியாது. அன்று என் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் களத்திலிருந்து ஓடிவந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

“கோழியப் புடிச்சிருவா போலிருக்குதே!” என்றார்.