ஏழு பேர், பதினைந்து நாள்

சான் பெத்ரோ என்ற ஊரில், கால்சட்டைத் தொழிற்சாலைக்குப் பின்புறத்துச் சந்தில், நூரிஸின் கைக்கு ஒரு பேர் இருந்தது. ஒரு கோழிக் கழுத்தைக் கொடுத்தால் ஒரு பானைச் சோற்றையும் மணக்க வைத்துவிடுவாள் என்பார்கள். அவள் ஆசைப்பட்டுச் சம்பாதித்த பேர் அல்ல அது. நாட்டின் பெரிய வங்கி ஒன்று கவிழ்ந்த மறுவருஷம் அரிசி, எண்ணெய், முட்டை எல்லாம் ஒன்றுக்கு இரண்டாக ஏறின. அவள் புருஷன் மில்சியாதெஸ் அந்தத் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும் அவன் சம்பளக் கவர் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. வீட்டில் எட்டு உருப்படிகள்: புருஷன் பெண்டாட்டி இருவர், நாலு பிள்ளைகள், காலமெல்லாம் கரும்பு வெட்டி முதுகு வளைந்துபோன மாமனார், வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு மூன்று வருஷமாகத் தங்கியிருந்த கொழுந்தன் தவீதோ.

கவர் வந்த அன்றே அவள் பதினைந்து நாளையும் மனசுக்குள் கூறு போட்டுவிடுவாள். முதல் நாலு நாள் சோறும் சிவப்பு பீன்ஸும். பீன்ஸ் குழம்பில் பூசணித் துண்டைக் கரைத்துவிட்டால் ஒரு படி இரண்டு படியாகக் கெட்டிப்படும். ஞாயிற்றுக்கிழமை கோழி, கோழி என்றால் கழுத்தும் காலும் முதுகெலும்பும். அதற்கப்புறம் கருவாடு. கருவாட்டில் உப்பு இருப்பதால் ஆளுக்குச் சுண்டுவிரல் அகலம் போதும், அவித்த வாழைக்காய் தானாக இறங்கும். பத்தாம் நாளுக்கு மேல் சௌசௌ, கத்தரிக்காய், முட்டை ஒன்றை உடைத்துக் கலக்கிவிட்டது. கடைசி மூன்று நாள் சேமியா கலந்த சோறு, அல்லது மாவு உருண்டை, அல்லது பக்கத்துவீட்டு மரத்தில் விழுந்த சீமைப்பலா.

எண்ணெயைப் பாட்டிலாக வாங்கமாட்டாள். பாட்டில் வீட்டில் இருந்தால் கை தாராளமாகிவிடும். ஃபெயோவின் கடையில் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு ஐந்து பெசோவுக்குத் தருவான். தக்காளி விழுதைக் காகிதத்தில் ஒரு கரண்டி வைத்துக் கொடுப்பான்.

"நூரிஸக்கா, பூண்டு ஒரு பல்லு போதுமா? இல்ல, பாதியை இன்னிக்கும் பாதியை நாளைக்கும் வாங்கிக்கிறியா?" என்பான் ஃபெயோ.

"மணத்தை மட்டும் குடுடா. பல்லை நீயே வச்சுக்க."

கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவிட்டு வருவாள்.

ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனமே அவளைச் சுற்றிக் கட்டிய வேலியாகிவிட்டது. விலை ஏறியபோது மில்சியாதெஸிடம் கூடக் கொஞ்சம் காசு கேட்டாள். "போன வாரம் கோழி போட்டியே, முடியுதுல்ல?" என்றான். முடிந்தது. முடிந்ததால் அடுத்த கவரிலிருந்து கொஞ்சம் எடுத்து மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்ட ஆரம்பித்தான். அதிலும் முடிந்தது. அவன் கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. தட்டு நிறைந்து வந்தது, அது எங்கிருந்து நிறைந்தது என்று அவன் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு தடவையாவது பானையைக் காலியாக வைத்துக் காட்டிவிடலாமா என்று அவள் பலநாள் யோசித்ததுண்டு. ஆனால் அவள் தோற்றுக் காட்டினால் பட்டினி கிடப்பது பிள்ளைகள். அந்த நினைப்பு வந்ததுமே கை தானாக அரிசியைக் களையப் போய்விடும்.

எல்லாருக்கும் போட்டபின் அவள் அடுப்படியிலேயே நின்றபடி பானையின் அடியைச் சுரண்டி வாயில் போட்டுக்கொள்வாள். அடிப்பிடித்த சோறு அந்த ஊரில் எல்லாருக்கும் பிடித்தது. மாமனார் அதையும் கேட்டுவிட்டால் அவளுக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்ட காப்பிதான். பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊசி குத்தியிருந்தாள்.

தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டின் விலையை ஏற்றியிருந்தார்கள். பாதிப் பணத்தை நிர்வாகம் ஏற்கவேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. மில்சியாதெஸ் தன் தூக்கைத் திறந்துவைத்து, "எனக்கென்ன, எம் பொண்டாட்டி இந்தச் சம்பளத்துலயே ராஜா மாதிரி சாப்பாடு போடுறா" என்று பெருமை அடித்தான். அது காதுக்குக் காது போய் அலுவலகம் வரைக்கும் எட்டியது. ஒரு செவ்வாய்க்கிழமை, தொழிலாளர் நலனைப் பார்க்கும் இவெலிஸ் என்ற படித்த அம்மாள் தொழிற்சாலை வேனில் வந்து இறங்கினாள். கையில் நோட்டு. டிரைவர் ஒரு பை நிறைய மளிகை கொண்டுவந்து வைத்தான்.

"உங்க பதினஞ்சு நாள் சமையலை எனக்குச் சொல்லணும் தோன்யா நூரிஸ். ஒண்ணு விடாம."

மரியாதைக்கு 'தோன்யா' போட்டுத்தான் கூப்பிட்டாள். நூரிஸ் சொல்வதை யாரும் அதுவரை எழுதிக்கொண்டதில்லை. முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு வேகம் பிடித்துக்கொண்டது. பூசணியைச் சொன்னாள், கருவாட்டை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டாமல் வாழைக்காய் அவிப்பதைச் சொன்னாள், ரொட்டி காய்ந்தால் என்ன செய்வது என்பதைச் சொன்னாள். அந்த அம்மாளின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

"இதையெல்லாம் யார் கத்துக்குடுத்தா உங்களுக்கு?"

"விலைதான்."

இவெலிஸ் சிரித்தாள். "எத்தனை தட்டு வைப்பீங்க?"

"ஏழு."

சொன்னபோது அவள் பொய் சொல்லவில்லை. தட்டு வைப்பது ஏழுதான்.

அடுத்த சம்பள நாள் சாயங்காலம் பக்கத்துவீட்டு காந்திதா வந்தாள். பதினெட்டு வருஷப் பழக்கம். நூரிஸின் மூத்த மகள் யுதெல்காவுக்கு ஞானத்தாய். சீமைப்பலா மரம் அவளுடையதுதான். அவள் புருஷனும் அதே தொழிற்சாலை. வந்தவள் உட்காரவில்லை, மடித்த தாள் ஒன்றை மேசையில் போட்டாள்.

"எல்லார் கவருக்குள்ளேயும் இதை வச்சிருக்கான். படிச்சுப் பாரு."

'ஏழு பேர், பதினைந்து நாள்' என்று மேலே பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. கீழே இவெலிஸ் வந்த அன்று எடுத்த நூரிஸின் புகைப்படம், கரண்டியோடு. அதற்கும் கீழே அவள் சொன்னதெல்லாம் நாள்வாரியாக.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள் நூரிஸ் தயக்கமாக.

"நல்லா இருக்கா? சாப்பாட்டுக் காசு கேட்கப் போனவங்ககிட்ட மேனேஜர் இந்தத் தாளை எடுத்து நீட்டியிருக்கான். 'சம்பளம் பத்தாம இல்ல, உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு நடத்தத் தெரியல'ன்னுட்டான். எம் புருஷன் வீட்டுக்கு வந்ததும் வராததுமா என்ன சொன்னான் தெரியுமா? நூரிஸால முடியுது, உன்னால ஏன் முடியலேங்கிறான். இந்தத் தடவை நூறு பெசோ குறைச்சுக் குடுத்திருக்கான்."

"நான் அதுக்காகச் சொல்லலடி."

"எதுக்காகச் சொன்னா என்ன. நீ சமாளிச்சது எங்க தலையில வந்து விடிஞ்சிருக்கு."

அவள் போனபின் நூரிஸ் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தாள். ஒரு வார்த்தை தப்பில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மறுநாள் கடைக்குப் போனபோது ஃபெயோ கேலி பேசவில்லை. நின்றிருந்த பெண்கள் வழிவிட்டார்கள், முகம் பார்க்கவில்லை.

அதோடு விடவில்லை. சனிக்கிழமை தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம், நூரிஸ் பேசவேண்டும் என்று மில்சியாதெஸிடம் சொல்லியனுப்பினார்கள். "நான் வரல" என்றாள்.

"நான் வாக்குக் குடுத்துட்டேன். துணி வெட்டுற மேசைக்குத் தலைவனாப் போடுறேன்னு சொல்லியிருக்காங்க. கூடக் கொஞ்சம் வரும். உனக்கும்தானே கஷ்டம் குறையும்?"

"சந்துல ஒருத்தியும் என்கூடப் பேசமாட்டேங்கிறா."

"பேச்சை வச்சு அடுப்பு எரியுமா?"

போகாவிட்டால் அந்தக் கூடுதல் காசும் போகும். போனால் சந்தே போகும். வெள்ளிக்கிழமை முழுக்க இரண்டையும் புரட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை காலையில் பாவாடையில் இன்னொரு ஊசி குத்திக்கொண்டு கிளம்பினாள்.

கூடத்தில் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. வேலை செய்யும் பெண்கள் ஒரு பக்கம், தொழிலாளர்களின் மனைவிமார் ஒரு பக்கம், முன்வரிசையில் அலுவலகத்தார். காந்திதா நடுவில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். இவெலிஸ் மைக்கை நூரிஸின் கையில் கொடுத்து, "தாளைப் பார்த்தே படிச்சிடுங்க, போதும்" என்றாள்.

முதல் நாள் சமையலைப் படித்தாள். இரண்டாம் நாளைப் படித்தாள். மூன்றாம் நாளில் பூசணிக்கு வந்தபோது தாளைக் கீழே இறக்கினாள்.

"இதுல ஒண்ணு தப்பா இருக்கு" என்றாள். "அந்தம்மா மேல தப்பில்ல, நான்தான் அப்படிச் சொன்னேன். ஏழு பேருன்னு போட்டிருக்கு. எங்க வீட்டுல எட்டுப் பேர். எட்டாவது ஆள் நான். எனக்கு இதுல சோறு கிடையாது. பானையில ஒட்டியிருந்தா உண்டு. இந்தக் காசுக்கு ஏழு பேரு சாப்பிடணும்னா ஒருத்தி சாப்பிடாம இருக்கணும். இதைச் செய்யப் போறவங்க யாரு சாப்பிடாம இருக்கிறதுன்னு முதல்லயே பேசி முடிவு பண்ணிக்குங்க."

பின்வரிசையில் ஒருத்தி முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள். மில்சியாதெஸ் சுவரோரம் நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நூரிஸுக்கு முதுகில் இத்தனை வருஷம் ஏறியிருந்த ஏதோ இறங்கியது போலிருந்தது.

இவெலிஸ் எழுந்து மெதுவாக மைக்கை வாங்கிக்கொண்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. "இதுதாங்க தாய்மை" என்றாள். "இந்தத் தியாகத்துக்குக் கை தட்டுங்க."

முன்வரிசை தட்டியது. அதைப் பார்த்துப் பக்கத்து வரிசை. கடைசியில் கூடம் முழுக்கத் தட்டியது. காந்திதா மட்டும் கைகட்டியபடியே இருந்தாள்.

"தியாகமெல்லாம் இல்ல. எனக்குப் பசிக்குது" என்றாள் நூரிஸ். மைக் கையில் இல்லை. முன்வரிசையில் இரண்டு பேருக்குத்தான் கேட்டிருக்கும். அதற்குள் பரிசாக ஒரு மிக்ஸியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்துப் படம் எடுத்தார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் மில்சியாதெஸ் தன் தட்டில் பாதியை ஒதுக்கி அவள் பக்கம் தள்ளினான். "சாப்பிடு" என்றான். ஒரு வாரம் அவள் உட்கார்ந்து சாப்பிடுகிறாளா என்று பார்த்தான். அடுத்த வாரம் மேசைத் தலைவன் வேலை கிடைத்தது. கூட வந்ததை மோட்டார் சைக்கிள் தவணை விழுங்கியது. அதற்கப்புறம் பார்க்க மறந்துபோனான்.

சாப்பாட்டுக் காசு தொழிலாளர்களுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த சம்பளக் கவரில் திருத்திய தாள் வந்தது. 'எட்டுப் பேர், பதினைந்து நாள்.' சாமான் அதே, காசும் அதே.

அம்மா சாப்பிடுகிறாளா என்று பார்க்க மறக்காதவள் யுதெல்கா ஒருத்திதான். பதினாறு வயது. ஒரு நாள் தட்டில் பாதிச் சோற்றை விட்டுவிட்டு, "எனக்குப் பசியில்லம்மா, நீ சாப்பிடு" என்றாள். அந்தச் சொல்லை நூரிஸ் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அது எந்தக் குரலில் வரும், சொல்லும்போது கண் எங்கே போகும் எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"சாப்பிடுடி."

"வேண்டாங்கிறேன்ல."

தட்டு மேசையில் அங்கும் இங்கும் இரண்டு தடவை போய்வந்தது. தவீதோ பார்த்துக்கொண்டே இருந்தான். "ரெண்டு பேருக்கும் வேண்டாம்னா இப்படித் தள்ளுங்க. வீணாப் போகக்கூடாது" என்று இழுத்துக்கொண்டான்.

நூரிஸ் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தாள். கத்தவில்லை. "வை" என்றாள். அவன் வைத்தான். யுதெல்கா கடைசிப் பருக்கை வரை தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாளிலிருந்து எட்டுத் தட்டு வைத்தாள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கரண்டி குறைந்தது. மாமனார் தட்டைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், சாப்பிட்டார். தவீதோதான் முணுமுணுத்தான். அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். சூடான சோற்றில் பீன்ஸ் குழம்பு ஊறி இறங்குவதை நிதானமாக ருசிக்க அவளுக்கு மூன்று நாள் பழக்கம் வேண்டியிருந்தது.

சாமான் பதினாலாம் நாளோடு தீர்ந்தது. பதினைந்தாம் நாள் சாயங்காலம் அவள் காந்திதாவின் வாசலில் போய் நின்றாள். கூட்டத்துக்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

"வீட்டுல ஒண்ணுமில்ல" என்றாள் நூரிஸ். யார் வாசலிலும் அவள் சொல்லியிராத வார்த்தை.

"எங்க வீட்டுலயும்தான். உன் திட்டத்தைத்தான் பண்றேன்" என்றாள் காந்திதா. பிறகு உள்ளே போய் அரைவாசி முற்றிய சீமைப்பலா ஒன்றைத் தூக்கிவந்து, கத்தியால் இரண்டாகப் போட்டு ஒரு பாதியைக் கொடுத்தாள். "சின்னதுதான். எட்டாப் பண்ணிக்கோ."

மில்சியாதெஸ் வந்து தட்டைப் பார்த்தான். அவித்த பலாத் துண்டு, ஆளுக்கு ஒன்று, உப்பு.

"என்ன இது?"

"தீர்ந்துபோச்சு."

"எப்பவும் முடியுமே?"

"எட்டுப் பேருக்கு முடியல."

அவன் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்தான், உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து வெளியே போய் ஃபெயோவிடம் கடன் சொல்லி ரொட்டி வாங்கிவந்தான்.

மறுநாள் கவர் வந்தது. மில்சியாதெஸ் வழக்கத்தைவிட இருபது பெசோ கூட வைத்திருந்தான். ஒரு டஜன் முட்டைக்குக்கூட அது வராது. அவள் காசை மேசையில் பிரித்து வைத்துக்கொண்டு மறுபடி பதினைந்து நாளையும் கூறு போட உட்கார்ந்தாள். முதல் நாலு நாள் பீன்ஸ். இந்தத் தடவை பூசணி இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பார்க்கவேண்டும்.