உள்ளிருந்து இரண்டு தட்டு

திண்டுக்கல்,
17-5-1964, ஞாயிறு.

அம்மாவுக்கும் அய்யம்மாள் மதினிக்கும் பொன்னழகு எழுதிக்கொள்வது. எழுதுகிற கை என்னுடையது இல்லை. என் வலது கை கட்டுக்குள் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல ஞானதாஸ் எழுதுகிறான். பட்டறையில் என்னோடு வேலை செய்கிறவன். நான் ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னாலும் எழுத மாட்டான். அவனும் அங்கேதான் இருந்தான்.

முதலில் ஒன்று. அண்ணன் சுப்புராஜை அந்த ஆத்தூர் வண்டியில் ஏற விடாதீர்கள். நாளைக்கு வேலையில் சேர வேண்டும் என்று கிளம்பினால் காலைப் பிடித்தாவது நிறுத்துங்கள். காய்ச்சலில் பிதற்றுகிறேன் என்று நினைக்க வேண்டாம். காய்ச்சல் விட்டுவிட்டது. நடந்தது ராத்திரியும் இல்லை, பட்டப்பகல். போன வியாழக்கிழமை.

எங்கள் பட்டறைக்குப் பக்கத்தில் பூட்டுச் செய்கிற பட்டறை இருக்கிறது. காலையிலிருந்து சுத்தியல் சத்தம். உள்ளே இருந்து கத்தினால் வெளியே கேட்காது. அதனால் மேஸ்திரி தண்டாயுதபாணி ஒரு முறை வைத்திருந்தார். வண்டிக்குக் கதவுப் பூட்டு மாற்றினால் ஒருத்தன் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை இழுத்துப் பார்க்க வேண்டும். இன்னொருத்தன் வெளியே சாவியோடு நிற்க வேண்டும். கதவு திறந்தால் உள்ளே இருந்து ஒரு தட்டு. வேலை சரி என்று அர்த்தம். திறக்கவில்லை என்றால் இரண்டு தட்டு. என்னை வெளியே விடு என்று அர்த்தம்.

"ரெண்டு தட்டுக் கேட்டா, கையில சோறு இருந்தாலும் போட்டுட்டு ஓடணும்லே" என்பார்.

"சோத்தோடயே ஓடுனா ஆகாதா மேஸ்திரி?" என்று ஞானதாஸ் ஒருநாள் கேட்டான். மேஸ்திரி கையிலிருந்த ஸ்பானரை வீசினார். அவன் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் விழுந்தது. அதற்கப்புறம் நாங்கள் கேலி பேசவில்லை.

அன்றைக்குப் பதினொன்று நாற்பதுக்கு அந்த வண்டி வந்தது. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப் வண்டி. பச்சைப் பெயிண்ட் புதிதாக அடித்திருந்தார்கள். ஓட்டி வந்தவர் பெயர் சோலைமுத்து. ஆத்தூர் தேங்காய் முதலாளியின் ஆள். ஸ்டியரிங் வலது பக்கம். அவர் இறங்கியது இடது கதவு வழியாக. வலது கையில் அழுக்குத் துணிக் கட்டு. ஒரு விரலும் வெளியே தெரியவில்லை.

"வலது கதவு உள்ள இருந்து தொறக்க மாட்டேங்குதப்பு. பூட்டை மாத்திரு."

"கையில என்னண்ணே?"

"இடுக்குல மாட்டிக்கிச்சு." அந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கவில்லை. "மாட்டுனாப் போதும். உள்ள உக்காந்துல்லாம் பாக்க வேணாம்."

அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மேஸ்திரி தினமும் பட்டறையிலேதான் சாப்பிடுவார். அன்றைக்கு அந்த வண்டியைப் பார்த்தார். நம்பர் பலகையைப் பார்த்தார். பிரித்த தூக்குச் சட்டியைத் திரும்ப மூடினார். எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கிளம்பும்போது சோலைமுத்து சொன்னார். "மூணு மணிக்கு வாரேன். திங்கக்கெழமை புது டிரைவரு வாராரு. உங்க குஜிலியம்பாறைப் பக்கந்தான். சுப்புராஜுன்னு பேரு."

எனக்கு அவ்வளவு சந்தோஷம், அம்மா. நம் அண்ணன் உட்காரப்போகிற இடம். ஒரு திருகு விடாமல் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு பத்துக்குக் கதவின் உள்தகட்டைக் கழற்றினேன். திருகுகளின் தலை எல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தன. பலமுறை கழற்றி மாட்டிய கதவு. தகட்டில் பள்ளம் பள்ளமாக நசுங்கல். எல்லாம் உள்ளே இருந்து வெளியே தள்ளியவை. ஒன்றின் மேல் என் குதிகாலை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

பழைய பூட்டைப் பெஞ்சில் வைத்துச் சாவி போட்டேன். டக். திறந்தது. டக். மூடியது. இருபது தடவை பார்த்தேன். அதில் ஒரு பழுதும் இல்லை.

கதவின் அடியில் புழுதி தேங்கியிருந்தது. விரலை விட்டுத் துழாவினேன். நூலோடு பிய்ந்த ஒரு சட்டைப் பொத்தான். அப்புறம் மஞ்சளாக, வளைவாக, சின்னதாக என்னவோ. செதில் என்று நினைத்தேன்.

நகம். முழு நகம். நான்கு இருந்தன.

ஞானதாஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தூரப் போடுறா" என்றான். போட்டேன்.

ஒன்று இருபதுக்குப் புதுப் பூட்டை மாட்டி முடித்தேன். கதவைச் சாத்திவிட்டுக் கையில் எண்ணெய் போகத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பட்டறையில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். சுத்தியல் சத்தம் ஓய்ந்தது.

டொக்... டொக்.

ஞானதாஸ் உள்ளே ஏறி உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். ஓடிப்போய்ச் சாவி போட்டுத் திறந்தேன்.

உள்ளே யாரும் இல்லை. சீட்டு மட்டும் ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது. நான் பார்க்கப் பார்க்க... மெதுவாக... மேலே எழும்பியது.

"யாருக்குடா கதவைத் தொறந்த?"

திரும்பினேன். ஞானதாஸ் தெருவிலிருந்து டீயோடு வந்துகொண்டிருந்தான்.

அப்போதே விட்டுவிட்டு வந்திருக்கலாம். முடியவில்லை. திங்கட்கிழமை அதில் அண்ணன் உட்காருவான். "நான் ஏறிப் பாக்குறேன். நீ சாவியை விடாமப் பிடிச்சுக்க" என்றேன். ஞானதாஸ் கழுத்துச் சிலுவையைத் தொட்டுக்கொண்டு சாவியை வாங்கினான்.

ஒன்று நாற்பத்தைந்து. ஏறினேன். கண்ணாடியை ஏற்றினேன். கதவைச் சாத்தினேன். அவன் பூட்டினான். டக்.

இடது கதவின் குமிழ் தானாக இறங்கியது. டக்.

அந்தப் பூட்டுக்கும் இந்தப் பூட்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, அம்மா.

கைப்பிடியை இழுத்தேன். வரவில்லை. இரண்டு தட்டுத் தட்டினேன். ஞானதாஸ் சாவியைத் திருகுவது கண்ணாடியில் தெரிந்தது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. சாவி திரும்பவில்லை.

என் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

புகையிலை வாடை. வெயிலில் வெந்த ரத்த வாடை.

கைப்பிடியில் இருந்த என் விரல்களின் மேல் வேறு விரல்கள் வந்து உட்கார்ந்தன. கண்ணுக்குத் தெரியவில்லை. கனம் தெரிந்தது. இறுக்கியது... இன்னும் இறுக்கியது...

சுண்டுவிரல். படக்.

மோதிர விரல். படக்.

கத்தினேன். தலைமுடியைப் பின்னால் இருந்து கொத்தாகப் பிடித்தது. ஸ்டியரிங்கில் மோதியது. ஒருமுறை. மறுமுறை. பல் ஒன்று மடியில் விழுந்தது. விலாவில் உதை. கண்ணை மறைத்து ரத்தம். கதவை உதைத்தேன். என் குதிகால் அந்தப் பழைய பள்ளத்திலேயே போய் விழுந்தது.

நடுவிரல். படக்.

இரண்டு தட்டு. இடது கையால். இரண்டு தட்டு. இரண்டு தட்டு.

முன் கண்ணாடி வெடித்தது. ஞானதாஸ் ஜாக்கிக் கம்பியால் அடித்திருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தான். கைப்பிடியில் இருந்த என் கை வரவில்லை. அவன் காலை ஊன்றி இழுத்தான்.

ஆள்காட்டி விரல்.

வந்துவிட்டேன். இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். மணி ஒன்று ஐம்பத்திரண்டு. அந்த வண்டிக்குள் யாரும் இல்லை.

உள்ளே இருந்து...

டொக்.

ஒரே ஒரு தட்டு.

கதவு தானாகத் திறந்தது.

நேற்று மேஸ்திரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"போன வருசம் அந்த வண்டி சாம்பக் கலர்லே. ஒச்சப்பன்னு ஒரு டிரைவரு. நம்ம பட்டறையிலதான் நின்னுச்சு, பூட்டு மாத்த. மத்தியானம். நான் சாப்புட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டு தட்டுக் கேட்டுச்சு. பயலுக பூட்டைப் பாக்குறாய்ங்கன்னு நெனச்சேன். திரும்பவும் கேட்டுச்சு. நான் சாப்புட்டு முடிச்சு, கை கழுவிட்டுத்தான் போனேன்."

"செத்துட்டாரா?"

"மூஞ்சி அடையாளம் தெரியல. வலது கையில அஞ்சு விரலும் முறிஞ்சிருந்துச்சு."

"அவரு ஆவிதானா மேஸ்திரி என்னை அடிச்சது?"

அவர் தலையசைத்தார். இல்லை என்று.

"தட்டுறது வேணும்னா அவனா இருக்கும். ரெண்டு கதவும் பூட்டிக் கெடந்துச்சுலே. உள்ள அவன் ஒருத்தன்தான் இருந்தான். அவனை அடிச்சது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

இதுவரை எழுதிவிட்டு ஞானதாஸ் பேனாவை வைத்தான். கடிதத்தை நான்கு மணி குஜிலியம்பாறை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பலாம் என்று இருந்தோம். அப்போது சோலைமுத்து வந்தார். கையில் கட்டு இல்லை. நான்கு விரல்கள் கோணிக்கொண்டு நின்றன. கட்டை விரல் மட்டும் நேராக இருந்தது. என்னைப் போலவே.

என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "உங்க அண்ணன்னு தெரியாதப்பு. முன் கண்ணாடி மாட்டுன கையோட நேத்தே வந்து வண்டியை எடுத்துட்டாப்ல. கரூர் லோடை எறக்கிட்டு, அப்படியே வீட்டுல கொண்டுபோய்க் காட்டிட்டுத்தான் ஆத்தூர் வருவேன்னு சொன்னாப்ல. பிள்ளைகளை ஏத்தி ஒரு சுத்துச் சுத்தணுமாம்."

மதினி, இந்தக் கடிதம் வருவதற்கு முன்னால் அந்தப் பச்சை வண்டி நம் வாசலுக்கு வந்துவிடலாம். பிள்ளைகளை அதன் பக்கத்தில் விடாதீர்கள். உள்ளிருந்து இரண்டு தட்டுக் கேட்டால், கையில் எது இருந்தாலும் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கண்ணாடியை உடையுங்கள்.

ஒரு தட்டு மட்டும் கேட்டால்... கதவு தானாகத் திறக்கும்.

உள்ளே இருப்பதை அம்மா பார்க்க விடாதீர்கள்.