இன்ஸ்பெக்டருக்கு வெந்நீர் போட்டவள்

எங்கள் ஊரில் பெற்றோர் வைத்த பெயர் யாருக்கும் நிலைப்பதில்லை. தெரு முழுக்க ஜோன்ஸும் டேவிஸுமாக இருந்தால் வேறு என்ன செய்வது? சுரங்கத்தில் குதிரை ஓட்டுகிறவன் குதிரை ஜோன்ஸ், காது மந்தமானவன் செவிட்டு ஜோன்ஸ். என் பக்கத்து வீட்டுக் கேத்தூராளுக்குத் துண்டுக் கேத்து என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஆண்கள் தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரித்தவர்களில் பாதிப் பேர் அவள் வாயைத் திறந்ததால் உயிரோடு வீடு திரும்பியவர்கள். என் வீட்டுக்காரர் காலேபும் அதில் ஒருவர்.

நாங்கள் இரண்டு குடும்பமும் பென்டரி சுரங்கத்துக் கம்பெனி வீடுகளில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருந்தோம். சுவர் என்று பெயர்தான். அவள் வீட்டில் கரண்டி விழுந்தால் என் வீட்டில் குழந்தை முழித்துக்கொள்ளும். அவளுக்குக் குழந்தை இல்லை. சுரங்க மேனேஜர் ப்ராசருக்கு மனைவி இறந்த பிறகு, அந்தப் பெரிய வீட்டில் பகல் முழுக்கச் சமையலும் வேலையும் அவள்தான் பார்த்தாள். அவள் புருஷன் கோமர் சுரங்கத்தின் கீழ்ப்பகுதியில் நிலக்கரி வெட்டினான். நல்ல மனிதன், சர்ச்சில் அருமையாகப் பாடுவான். சண்டை என்றால் மட்டும் ஆமை போலத் தலையை உள்ளே இழுத்துக்கொள்வான்.

அந்தக் கீழ்ப்பகுதியில்தான் கோளாறு. சுரங்கத்துக்குள் நல்ல காற்று ஒரு வழியாக வந்து, கெட்ட காற்று இன்னொரு வழியாக வெளியேற வேண்டும். கெட்ட காற்று போகும் வழியில் கூரை இடிந்து விழுந்து, ஒரு ஆள் ஊர்ந்து போகும் அளவுக்குத்தான் இடைவெளி இருந்தது. இடிந்ததை அள்ளினால் கல்தான் வரும், கரி வராது. அதனால் ப்ராசருக்கு அதை அள்ள நேரமே கிடைக்கவில்லை. உள்ளே வாயு தேங்கியது. வாயு இருந்தால் விளக்குச் சுடரின் மேல் நீலமாகக் குல்லா கட்டும். அதற்கு மேல் ஒரு பொறி பட்டால் போதும், வெடித்துவிடும்.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது எனக்கு அப்படியே கேட்கும்.

"இன்னிக்கும் விளக்குல நீலம் கட்டுச்சா?"

"லேசா."

"நேத்தும் லேசான்னுதான் சொன்ன. முந்தாநாளும் அதேதான். எப்போ கனமாகும், எல்லாரையும் சவப்பெட்டியில வச்சதுக்கு அப்புறமா?"

"கத்தாத கேத்து. பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டும். அவ புருஷனும் அங்கதான் வேல பாக்கறான்."

யாராவது சொல்லலாமே என்று கேட்பீர்கள். தொழிலாளர் தரப்பில் ஆள் அனுப்பிச் சுரங்கத்தைப் பார்க்கச் சட்டத்தில் இடம் இருந்தது. அப்படி ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினோம். அவர் நாலு குறை சொன்னார். அதன் பிறகு முழங்கால் தண்ணீரில் கரி வெட்டும் இடம்தான் அவருக்குக் கிடைத்தது. அடுத்தபடி போக யாரும் முன்வரவில்லை. கீழ்ப்பகுதியை மூடிவிட்டால் அத்தனை பேருக்கும் வேலை நின்றுவிடும் என்ற பயம் வேறு.

அரசாங்க இன்ஸ்பெக்டர் வருவார். வெதரால் என்று ஒரு இங்கிலீஷ்காரர். கெட்ட மனிதர் இல்லை, லஞ்சம் வாங்குகிறவரும் இல்லை. ஆனால் வருவதற்கு முன்பே மேனேஜர் இருப்பாரா என்று விசாரித்துவிட்டு வருவார். மேனேஜர் உடனே கேத்தூராளைக் கூப்பிட்டு ஆட்டுத்தொடை வாங்கச் சொல்வார். அவள் கறிக்கடையில் ஆட்டுத்தொடை கேட்டால் மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். காற்றைத் திருப்பிவிடுவதற்காகச் சுரங்கத்தில் தார் பூசிய திரைகள் தொங்கும். எல்லா இடத்திலிருந்தும் அந்தத் திரைகளைக் கழற்றி, இன்ஸ்பெக்டர் நடக்கப்போகும் பாதையில் மாட்டுவார்கள். குதிரை லாயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அவர் வந்து பார்ப்பார், திருப்தியாகப் போவார். கேத்தூராள் கறி சுடுவாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒருமுறை அவர் கோமரையே நிறுத்தி, காற்று எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். அவருக்குப் பின்னால் ப்ராசர் நின்றிருக்கிறார். கோமர், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தான்.

"சும்மா இருந்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். நல்லா இருக்குன்னு வேற சொன்னியா? ஒன்னோட கழுத்துக்கு நீயே கயிறு திரிச்சுக் குடுக்கறியே, கூலியாவது கேட்டியா?"

கோமர் தொட்டிக்குள் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அப்போது நான் சர்க்கரை கேட்டுப் போயிருந்தேன், அதனால் தெரியும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கள் வீடுகளில் ஆண்கள் அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியை வைத்துத்தான் குளிப்பார்கள். பெண்கள் சமைப்போம், பக்கத்து வீட்டுக்காரி வருவாள், போவாள். முதுகை மட்டும் தேய்க்க விடமாட்டார்கள், தேய்த்தால் இடுப்பு பலம் போய்விடுமாம். ஊரிலேயே கதவு போட்ட குளியலறை ப்ராசர் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அந்தக் கதவு குளிர்காற்று வராமல் இருக்கப் போட்டது என்றுதான் கேத்தூராள் நினைத்திருந்தாள்.

அடுத்த முறை இன்ஸ்பெக்டர் சுரங்கத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, அந்த அறைத் தொட்டியில் குளிக்க உட்கார்ந்தார். ப்ராசர் கீழே அலுவல் அறையில் இருந்தார். கேத்தூராள் வெந்நீர் வாளியோடு மாடி ஏறினாள். கதவைத் தட்டவில்லை. வெந்நீர் கொண்டுபோகிற கை எதற்குத் தட்டும்? உள்ளே போய், காலடியில் பதமாக வெந்நீரை ஊற்றிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஐயா, இன்னிக்கு ஒங்கள கீழ்ப்பகுதிக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?"

மனிதர் சோப்பை எடுத்து மறைத்துக்கொண்டாராம். சோப்பு எவ்வளவுதான் மறைக்கும்?

"வெளிய போம்மா. தயவுசெஞ்சு போயிடு."

"போறேங்க. இதக் கேட்டுட்டீங்கன்னா போயிடுவேன். அங்க கெட்ட காத்து போற வழி இடிஞ்சு கெடக்கு. விளக்குல நீலம் கட்டுது. நீங்க வர்ற அன்னிக்கு மட்டும் திரையெல்லாம் எடம் மாறும். ஒங்ககிட்ட நல்லா இருக்குன்னு சொன்னவன் என் புருஷன்தான். அவன் பொய் சொன்னான்."

அவர் எதையோ தேடித் தவிக்கவும், நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அவளுக்கு அவர் மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்ததாம், நெஞ்செல்லாம் சிவந்துபோய்விட்டதே என்று.

"கேட்டாரா?" என்று நான் பிறகு கேட்டேன்.

"காது தண்ணிக்கு மேலதானே இருந்துச்சு."

கேட்டார்தான். ஆனால் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதை ப்ராசரிடமே சொன்னார். கேத்தூராள் உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "கீழ்ப்பகுதியில காத்து வழி அடைஞ்சிருக்குன்னு இங்க ஒருத்தர் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன்," என்றார். ப்ராசர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. அதைச் சுத்தம் செய்யத்தான் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன் என்று கறியை வெட்டிக்கொண்டே சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் இன்ஸ்பெக்டர் திரும்பவும் இறங்கிப் போய்ப் பார்த்தார். வழி சரியாகும்வரை கீழ்ப்பகுதியில் கரி வெட்டக்கூடாது என்று உத்தரவு போட்டார். இந்த மட்டில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அந்த வாரமே ப்ராசர் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். கதவைத் தட்டத் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்றாராம். குளியலறைக் கதையை அவரே நாலு பேரிடம் ரசித்துச் சொன்னார். ஊரும் சிரித்தது. கீழ்ப்பகுதி ஆட்கள் வேலையில்லாமல் தெருமுனையில் குந்தியிருந்தார்கள். அவர்கள் பெண்டாட்டிகளுக்குச் சிரிப்பு வரவில்லை. துணி காயப்போடும் இடத்தில் கேத்தூராள் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"அடுப்பு எரியாத வீட்டுக்கெல்லாம் ஒன் துரை வந்து கஞ்சி ஊத்துவாரா?"

"ஒன் புருஷன் ஒரு மாசம் வீட்டுல சும்மா இருந்தா தாங்க மாட்டியா? மண்ணுக்குள்ள கெடந்தா என்ன பண்ணியிருப்ப?" என்றாள் கேத்தூராள். இதற்குப் பிறகு அவளோடு பேசியது நான் ஒருத்திதான். காலேப் அதற்கும் என்னை முறைத்தார்.

இடிபாட்டை அள்ளும் வேலைக்கு முதலில் கோமரைத்தான் அனுப்பினார்கள். "ஒன் பொண்டாட்டி ஆசப்பட்ட வேல, நீ செய்யாம யார் செய்வா?" என்று மேஸ்திரி சொன்னானாம். உதிர்ந்துகொண்டிருக்கும் கூரைக்கு அடியில் நின்று அள்ள வேண்டும். தாங்குவதற்கு மர முட்டு கேட்டால், நாளைக்கு வரும் என்பார்கள். கேத்தூராள் ஒவ்வொரு நாளும் அவன் வரும்வரை வாசலிலேயே நிற்பாள். பாவி, நல்லது கேட்டு இதை வாங்கினேனே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். வழி திறக்கும் தறுவாயில் கூரைக்கல் ஒன்று வந்து கோமரின் இடுப்பில் விழுந்தது. கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பிறகு வழி திறந்தது. கீழ்ப்பகுதியில் வேலை ஆரம்பித்தது. முதல் நாள் போய்வந்த காலேப், "காத்து மூஞ்சியில அடிக்குது திர்சா, விளக்கு மஞ்சளா எரியுது," என்று அதிசயமாகச் சொன்னார். சுவருக்கு அந்தப் பக்கம் போய் அதைச் சொல்லிவிட்டு வாருங்களேன் என்றேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

பெரிய காயம் என்றால் இன்ஸ்பெக்டர் வந்து விசாரிக்க வேண்டும். வெதரால் கேத்தூராள் வீட்டுக்கே வந்தார், கூடவே ப்ராசரும். கோமரின் கட்டிலை அடுப்பு ஓரமாகப் போட்டிருந்தோம். நான் அவனுக்கு லீக்ஸும் கறியும் போட்ட சூப் ஊட்டிக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் முக்காலியில் உட்கார்ந்து, முட்டு போதுமான அளவு இருந்ததா என்று கேட்டார். கோமர் பதில் சொல்வதற்குள் கேத்தூராள் முன்னால் வந்தாள்.

"அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு சொல்லுங்க. ஒங்ககிட்ட சொன்னத ஏன் இவருகிட்ட சொன்னீங்க?"

அவர் நெளிந்தார். "ஒருத்தர் மேல குறை வந்தா அவர்கிட்டயும் கேக்கறதுதான்மா நியாயம். நான் ஒங்க பேரச் சொல்லவே இல்ல."

"அந்த வீட்டுல இவர விட்டா இருந்தது நானும் பூனையும். பூனை சொல்லுச்சுன்னு நெனச்சுக்குவாரா?"

கேத்தூராள் விடவில்லை. பழிவாங்கத்தான் கோமரை அனுப்பினார்கள், கேட்டும் முட்டு கொடுக்கவில்லை, தினம் தினம் கேட்டான் என்று எல்லாவற்றையும் சொன்னாள். இன்ஸ்பெக்டர் எழுத ஆரம்பித்தார். ப்ராசர் கோபப்படவே இல்லை. தலையை நிமிர்த்தி, கம்பெனிக்குச் சொந்தமான அந்தக் கூரையைப் பார்த்தார்.

"வீடு ஒழுகுதா கோமர்? ஆள் அனுப்பிச் சரி பண்ணித் தரச் சொல்றேன். விளக்கு ரூம்ல உக்காந்து பாக்கற வேலையும் ஒனக்காக வச்சிருக்கேன்."

கோமர் அவரைப் பார்த்தான், பிறகு இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். மனைவி பக்கம் மட்டும் திரும்பவில்லை.

"அவ பேச்ச எடுத்துக்காதீங்கய்யா. எனக்கு அடிபட்டதிலேருந்து அவளுக்குப் புத்தி ஒரு நெலையில இல்ல. முட்டு நெறைய இருந்துச்சு. நான்தான் பாக்காம கை வச்சுட்டேன்."

என் கையில் இருந்த கிண்ணத்தை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். இன்ஸ்பெக்டர் கேத்தூராளைப் பரிதாபமாகப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அம்மா, அன்னிக்கு நீங்க சொன்னது உண்மைதான்..."

"அன்னிக்குச் சொன்னது உண்மைன்னா, இன்னிக்கு மட்டும் எப்படி நான் பைத்தியமாவேன்?"

"அங்க இருந்தது அவருதானே. நீங்க இல்லையே," என்றார். எழுதியதை அடித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் கோமர்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"வீடு வேணுமா வேணாமா ஒனக்கு? இந்த இடுப்ப வச்சுக்கிட்டு நான் எந்தத் தெருவுல போய்ப் படுப்பேன்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. வீடு நிலைத்தது, கூரையையும் சரி செய்தார்கள். கோமர் விளக்கு அறையில் உட்கார்ந்து மற்றவர்களின் விளக்குகளைத் துடைத்துக் கொடுத்தான். துண்டுக் கேத்து கதையை அங்கே யாராவது சொன்னால் அவனும் சேர்ந்து சிரிப்பதாகக் காலேப் சொன்னார்.

கேத்தூராள் அதைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை. வெள்ளை வெயில் அடித்த ஒரு காலை, இரண்டு பேரும் வாசற்படியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தோம்.

"அவன் உயிரோட இருக்கணும்னுதான் அந்த ஆள் குளிக்கிற எடத்துல போய் நின்னேன். இருக்கான். ஆனா திர்சா, காலையில கண்ணத் தொறந்து அவன் மூஞ்சியப் பாத்தா, ஓங்கி ஒண்ணு வைக்கலாம்போல வருது. தெனமும் வருது."

உள்ளேயிருந்து கோமர் கூப்பிட்டான். தூரிகையை வாளியில் போட்டுவிட்டு, குனிய முடியாத அவனுக்குப் பூட்ஸ் மாட்டிவிட எழுந்து போனாள்.