மூன்றாவது எச்சரிக்கையும் ஒரு கழுதையும்

கைபேசியும் கூச்சமில்லாத முகமும் இருந்தால் விளம்பரப் பக்கம் நடத்தலாம் என்பார்கள். பாட்டு என்றொரு வில்லங்கம் இருப்பதை யாரும் சொல்லமாட்டார்கள். என்னைப்போல் ஊர்க் கடைகளுக்கு வீடியோ போட்டுப் பிழைக்கும் சகபாடிகளே, உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அடுத்தவர் பாட்டை விளம்பரத்தில் போட்டால் எச்சரிக்கை வரும். மூன்றாவது எச்சரிக்கையோடு பக்கத்தையே மூடிவிடுவார்கள். நாலு வருடமாக மன்னார் வெயிலில் அலைந்து வளர்த்த பக்கம் என்னுடையது. அது போனால் நானும் போனேன்.

அலுமாரிப் பாட்டு

கருவாட்டுக் கடை அண்ணைக்குப் பழைய சினிமாப் பாட்டுத்தான் வேண்டும். உரிமைச் சிக்கல் வரும் என்றேன். மனிதர் வீட்டுக்குப் போய் ஒரு சீடியோடு வந்தார். கூடவே அதை வாங்கின ரசீது, பத்திரமாக மடித்தபடி. "கொப்பியில்லை பிள்ளை, ஒரிஜினல்" என்று அவர் சொன்னதும் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

போட்டேன். கருவாடு பாட்டோடு இரண்டு மணித்தியாலம் ஜோராக ஓடியது. பிறகு வீடியோ ஊமையானது, முதல் எச்சரிக்கையும் வந்தது. அண்ணை சீடியைத் தூக்கிக் காட்டினார்.

"பாட்டு என்ர அலுமாரியிலை கிடக்குது, அது எப்பிடி அவையின்ர ஆகும்?"

மனிசன் பாடினது

மணப்பெண் அலங்காரம் செய்யும் வங்காலை அக்கா ஒரு வழி சொன்னார். சீடியைப் போட்டால்தானே பிழை, நாங்களே பாடினால்? அவருடைய கணவரைக் கதிரையில் இருத்திப் பாடவைத்தோம். அவர் பாடப் பாட, அலங்காரத்துக்கு இருந்த பெண் சிரித்துச் சிரித்து மை கரைந்து மூன்று தரம் முகம் கழுவினாள்.

மெட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு, யார் பாடினாலும் அது அவருடையதுதான் என்பது இரண்டாவது எச்சரிக்கை வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்கு வந்தது ஆச்சரியம்.

"கலியாணம் கட்டி இருவது வருசமா இவர் என்ன பாட்டுப் பாடுறாரெண்டு எனக்கே விளங்கினதில்லை, அந்த மிசின் எப்பிடிப் பிள்ளை பிடிச்சது?"

ஏழு செக்கன்

ஏழு செக்கனுக்குக் குறைவாகப் போட்டால் பிடிக்கமாட்டார்கள் என்று சாப்பாட்டுக் கடைக்காரருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள், நம்பாதீர்கள், அப்படியொரு சட்டம் கிடையாது. மாட்டவே மாட்டேன் என்று நின்றேன். அவர் இடியப்பத் தட்டை டொம்மென்று வைத்தார்.

"ஆர் எத்தினை தரம் கேட்டாலும் நான் சும்மா சொதி ஊத்துறன், அவைக்கு ஏழு செக்கன் விட ஏலாதோ?"

திறப்பு விழா

புடவைக் கடைத் திறப்பு விழாவுக்குப் பாட்டே வேண்டாம், வெறும் பேச்சு என்று சொல்லி நேரலையைத் தொடங்கினேன். முதலாளி அம்மா நாடாவை வெட்டப் போகவும், வாசலில் வந்து நின்ற ஓட்டோவில் புதுப்படப் பாட்டு அலறவும் சரியாக இருந்தது. ஓட்டோக்காரர் பாட்டை நிறுத்தாமலே வெற்றிலை வாங்கப் போய்விட்டார். பக்கம் போச்சு, நாலு வருடம் போச்சு என்று எனக்குக் கைகால் ஓடவில்லை.

அப்போது நிழலுக்கு ஒதுங்கி நின்ற கழுதை ஒன்று கத்தத் தொடங்கியது. ஓட்டோக்காரர் திரும்பி வரும்வரை விடாமல் கத்தியது. நான் கைபேசியை அதன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே நின்றேன். பாட்டு ஒரு சொல்லும் கேட்கவில்லை, எச்சரிக்கையும் வரவில்லை. அந்த வீடியோவைப்போல் என் பக்கத்தில் எதுவும் ஓடியதில்லை. சந்தோசத்தில் கழுதையைக் கட்டிப்பிடித்திருப்பேன், அது நிற்கவில்லை. முதலாளி அம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"கடை நிறையச் சீலை அடுக்கி வச்சிருக்கிறன், ஃபோன் எடுக்கிற சனம் கழுதையையெல்லோ விசாரிக்குது."

என் கழுதை

அடுத்த கிழமை, வெள்ளாங்குளத்தில் என்னைப்போலவே பக்கம் நடத்தும் தம்பி ஒருவர் வீடு கூட்டும் தும்புத்தடிக்கு விளம்பரம் போட்டிருந்தார். பின்னணி இசையாக என் கழுதையின் கத்தல், ஆரம்பம் முதல் கடைசிவரை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் அனுமதி இல்லாமல் எடுத்துவிட்டார் என்று அந்த நிமிடமே முறைப்பாடு அனுப்பினேன். சற்று நேரத்தில் அழைத்தார்.

"அக்கா, எனக்கு இது மூண்டாவது, பக்கம் போயிடும், நீங்கள் மட்டும் கழுதையிட்டைக் கேட்டோ எடுத்தனீங்கள்?"

மற்றவர் பாட்டை எடுத்த இரண்டு தரமும் விளங்காத சட்டம், என் கழுதையை எடுத்த அன்று மட்டும் ஒரே நிமிடத்தில் விளங்கியதற்கு வெட்கப்பட்டு முறைப்பாட்டைத் திரும்ப எடுத்தேன்.